சேலத்தில் அரைத்த நிலவு மண்

கட்டுமாவடிக் கரையில் நின்று, கடலிலிருந்து எழும் பௌர்ணமி நிலவைப் பாருங்கள். கறுப்பாகத் தெரியும் திட்டுகள் எரிமலைக் குழம்பு உறைந்த சமவெளிகள். வெளுப்பாக ஒளிர்பவை மேட்டுநிலங்கள். அந்த மேட்டுநிலப் பாறைக்கு அனார்த்தோசைட் என்று பெயர். நிலவு பிறந்த காலத்தில் அதன் மேற்பரப்பு முழுவதும் நெருப்புக் குழம்பாக இருந்தது. அதில் எடை குறைந்த கனிமம் மேலே மிதந்து உறைந்து இந்தப் பாறையானது. அதே வகைப் பாறை நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும் கிடைக்கிறது.

சந்திரயான்-2 திட்டத்துக்காக இஸ்ரோவுக்கு நிலவு மண்ணைப் போன்ற மண் டன் கணக்கில் வேண்டியிருந்தது. லேண்டரின் கால்கள் எவ்வளவு புதையும், ரோவரின் சக்கரம் வழுக்குமா என்பதையெல்லாம் இங்கேயே சோதித்தாக வேண்டும். வெளிநாட்டில் வாங்கினால் விலை கட்டுப்படியாகாது. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அன்பழகன் தலைமையிலான புவியமைப்பியல் குழு கைகொடுத்தது. திருச்சி என்.ஐ.டி.யும் இந்த ஆய்வில் பங்கேற்றது.

பாறையை வெறுமனே பொடித்தால் போதாது. நம் கடற்கரை மணலை அலையும் காற்றும் உருட்டி உருட்டி முனை மழுங்கச் செய்துவிடுகின்றன. நிலவில் காற்றும் இல்லை, ஓடும் நீரும் இல்லை. விண்கற்கள் மோதிச் சிதறிய துகள்கள் அங்கே கூர்முனையோடு அப்படியே கிடக்கின்றன. ஆகவே கல்லை உடைத்து, அரைத்து, சலித்து, பல அளவுத் துகள்களை உரிய விகிதத்தில் கலந்தார்கள். அப்போலோ-16 வீரர்கள் கொண்டுவந்த மண்ணின் ஆய்வு முடிவுகளோடு அதை ஒப்பிட்டுச் சரிபார்த்தார்கள்.

இந்த மண் பெங்களூருவில் உள்ள இஸ்ரோ சோதனைக் கூடத்தில் பரப்பப்பட்டது. நிலவின் ஈர்ப்பு பூமியினுடையதில் ஆறில் ஒரு பங்குதான். அதற்கு ஈடாக ரோவரின் எடையைக் குறைக்க ஹீலியம் பலூன்கள் பயன்பட்டன. இந்த மண்ணைத் தயாரிக்கும் செய்முறைக்கு 2020-இல் இந்தியக் காப்புரிமை கிடைத்தது.

அடுத்த திட்டமான சந்திரயான்-3, 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவில் இறங்கியது. 26 கிலோ எடையுள்ள பிரக்யான் ரோவர் சுமார் 100 மீட்டர் ஓடியது. அங்குள்ள மண்ணை அது ஆராய்ந்து அனுப்பிய தரவுகளும் அனார்த்தோசைட் வகையையே காட்டின. சித்தம்பூண்டிக் கல்லைத் தேர்ந்தது சரியான முடிவு என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

விண்வெளி ஆய்வு என்றால் ராக்கெட் மட்டுமே என்று நம் பிள்ளைகள் நினைக்க வேண்டாம். கல்லையும் மண்ணையும் படிக்கும் புவியமைப்பியலும் நிலவுக்கு வழி திறக்கும். பிளஸ் டூ முடித்துக் கல்லூரியில் சேரும்போது அந்தப் பாடத்தையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.