நோய் போச்சு; பயம் போகலையே!

கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் மார்க்கத்து மின்சார ரெயில்களில் காலையில் வேலைக்குப் போகிறவர்கள் மட்டுமா ஏறுகிறார்கள்? ஆஸ்பத்திரி பைலைக் கையில் பிடித்தபடி "செக்கப்"புக்குப் போகிறவர்களும் ஏறுகிறார்கள். புற்றுநோய்க்கு சிகிச்சை முடித்தவர்கள் இவர்கள்.

ஆபரேஷன் ஆச்சு. "கரண்டு" வைச்சாச்சு. ஊசி மருந்தும் ஏத்தியாச்சு. ஆனால் தோள் குத்துகிறது, பாதம் எரிகிறது. ராத்திரி படுத்தால், "திரும்ப வந்துடுச்சோ?" என்ற பயம் தூக்கத்தைக் கெடுக்கிறது.

வலி ஏன்?

மார்பில் ஆபரேஷன் செய்தவர்களுக்குத் தோளும் அக்குளும் பல மாதம் இழுத்துப் பிடிக்கலாம். நெறிக்கட்டிகளை எடுத்திருந்தால் கை வீங்கலாம். சில ஊசி மருந்துகள் நரம்பைப் பாதித்து, கை காலில் எரிச்சலும் மதமதப்பும் தரும். கரண்டு வைத்த இடத்தில் தசை இறுகும். ஆகவே, வலி என்றாலே நோய் திரும்பிவிட்டது என்று அர்த்தம் அல்ல.

ஆனால் மறைக்காதீர்!

புதிய கட்டி, நாளுக்கு நாள் கூடும் வலி, தூக்கத்தில் எழுப்பும் எலும்பு வலி, காரணம் இல்லாமல் எடை குறைவது, ரத்தக் கசிவு ஆகியவை இருந்தால் செக்கப் தேதி வரை காத்திருக்கக் கூடாது. உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

"ஏதாவது சொல்லிட்டா என்ன செய்யறது?" என்று பயந்து தேதியைத் தள்ளிப் போடுவதுதான் பெரிய ஆபத்து. பொதுவாக முதல் 2 ஆண்டுகள் சில மாதங்களுக்கு ஒரு முறையும், பிறகு 5 ஆண்டு வரை 6 மாதத்துக்கு ஒரு முறையும் வரச் சொல்வார்கள். பல வகைப் புற்றுநோய்களில், ஆண்டுகள் போகப் போக நோய் திரும்பும் வாய்ப்பு குறைகிறது.

சம்பளம் போகுமா?

ஷிப்டு தொழிலாளிக்கு இது பெரிய கவலை. ஈ.எஸ்.ஐ.யின் நீண்டகால நோய்ப் பட்டியலில் புற்றுநோயும் உண்டு. வேலை செய்ய முடியாதவர் என்று டாக்டர் சான்று கொடுத்தால், தகுதி உள்ளவர்களுக்கு 80 சதவீத சம்பளம் 2 ஆண்டு வரை கிடைக்க வழி இருக்கிறது. பலர் இதைக் கேட்பதே இல்லை!

பயத்துக்கும் வைத்தியம்

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் 12 படுக்கைகளுடன் தொடங்கியது அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி. நோயாளிகளின் மனக்கவலையைக் கவனிக்க அங்கே தனிப் பிரிவே இருக்கிறது. நரம்பு வலிக்குத் தனி மாத்திரைகளும், கை வீக்கத்துக்குப் பயிற்சியும் உண்டு. வாய் திறந்து கேட்டால்தான் கிடைக்கும்.

எங்கே வலி, எப்போது வலி, 10-க்கு எத்தனை வலி என்று ஒரு நோட்டில் தினமும் குறித்து வையுங்கள். டாக்டர் முன் நிற்கும் அந்த 5 நிமிஷத்தில், மறந்துபோனதை எல்லாம் அந்த நோட்டு சொல்லிவிடும்.