21 நாள் கட்டுச்சோறு

வயிற்றில் இருக்கும் கன்றுக்கு, தாய்ப்பசு அன்றாடம் தின்பதிலிருந்து சத்து போய்க்கொண்டே இருக்கும். கோழிக்குஞ்சுக்கு அந்த வசதி இல்லை. முட்டை வெளியே விழுந்த நொடியில் தாயோடு உள்ள தொடர்பு அறுந்துவிடுகிறது. அதன்பின் ஓட்டின் நுண்துளைகள் வழியே உள்ளே போவது காற்று மட்டும்தான். 21 நாளுக்குத் தேவையான புரதம், கொழுப்பு, தாதுக்கள், வைட்டமின்கள் அனைத்தையும் தாய் முன்கூட்டியே கட்டிக்கொடுத்து அனுப்ப வேண்டும். அந்தக் கட்டுச்சோற்றில் ஒன்று விட்டுப்போனால், வழியில் வாங்கிக்கொள்ளக் கடை கிடையாது.

சாப்பாட்டு முட்டைக்காக வளர்க்கும் கோழிக்கும், குஞ்சுக்காக வளர்க்கும் தாய்க்கோழிக்கும் தீவனக் கணக்கு வேறாவது இதனால்தான். நாமக்கல் முட்டைக்கோழியும் பல்லடம் கறிக்கோழியும் ஏதோ ஒரு தாய்க்கோழிப் பண்ணையிலிருந்து குஞ்சாக வந்தவையே. அந்தப் பண்ணைகளில், “நேற்று எத்தனை முட்டை?” என்ற கேள்விக்குக் கிடைக்கும் பதில் பல சமயம் ஏமாற்றிவிடும். முட்டை குறையாமல் விழும், ஓடும் உறுதியாக இருக்கும். பொரிப்பகத்தில்தான் குட்டு உடையும்.

இதற்கு அழுத்தமான சான்று அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆராயப்பட்ட ஒரு வெள்ளை லெகார்ன் கோழி வகை. அந்தக் கோழிகள் ஆரோக்கியமாக இருந்தன, முட்டையும் இட்டன. கருவும் கூடியது. ஆனால் அடைக்கு வைத்த முட்டைகளில் ஏறத்தாழ 13ஆம் நாள் வாக்கில் குஞ்சுகள் இறந்தன. காரணம் ஒரு மரபணுக் குறை. ரிபோஃப்ளேவின் என்னும் பி2 வைட்டமினைப் பிடித்து முட்டைக்குள் கொண்டுசேர்க்கும் புரதம் அந்தக் கோழிகளின் உடலில் உருவாகவில்லை. தாய்க்கு வேண்டிய பி2 தாயிடம் இருந்தது, குஞ்சுக்குப் போகவில்லை. முட்டைக்குள் ஊசி வழியே பி2 செலுத்தினால் அதே குஞ்சுகள் பிழைத்தன. சாதாரண முட்டையை உடைத்தால் வெள்ளைக்கருவில் தெரியும் லேசான பச்சை கலந்த மஞ்சள் சாயல் இந்த வைட்டமினுடையது. அந்தக் கோழிகளின் வெள்ளைக்கருவில் அந்தச் சாயலே இல்லை.

மரபணுவில் குறை இல்லாத கோழிக்கும் தீவனத்தில் பி2 குறைந்தால் இதே கதிதான். இரண்டு வாரத்துக்குள் பொரிப்புத்திறன் சரியத் தொடங்கும். பொரியாத முட்டையை உடைத்தால் வளர்ச்சி குன்றிய குஞ்சும், வெளிவர முடியாமல் சுருண்டு முடிச்சிட்ட தூவியும் தெரியும். தீவனத்தில் சேரும் மக்காச்சோளத்தில் பி2 மிகக் குறைவு. கொல்லையில் மேயும் நாட்டுக்கோழி கீரையையும் புழுபூச்சியையும் கொத்தித் தானே ஈடுசெய்துகொள்ளும். கொட்டகைக்குள் அடைபட்ட கோழிக்கு நாம் சேர்த்துக் கொடுத்தால்தான் உண்டு. நல்ல வேளையாக, குறையைச் சரிசெய்ததும் பொரிப்பு விரைவிலேயே மீண்டுவிடுகிறது.

டி வைட்டமினிலும் இதே பாடம் இருக்கிறது. 1978இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹெக்டர் டிலூகாவும் உடன் ஆய்வாளர்களும், உடல் நேரடியாகப் பயன்படுத்தும் இறுதி வடிவ வைட்டமின் டியை மட்டுமே கோழிகளுக்குக் கொடுத்தார்கள். கோழிகள் நல்ல முட்டைகளை இட்டன. ஆனால் குஞ்சுகளின் மேல் அலகு சரியாக உருவாகவில்லை, அவை பொரிக்கவும் இல்லை. ஓடு கட்டுவதற்கு உதவிய அந்த வடிவம் மஞ்சள் கருவுக்குள் போதிய அளவு இறங்கவில்லை. தாய்க்குப் போதுமானது குஞ்சுக்குப் போதாமல் போகலாம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. தாவரங்களிலிருந்து வரும் டி2 வடிவத்தால் கோழிக்குப் பயன் மிகக் குறைவு, டி3தான் வேண்டும் என்பதையும் வைட்டமின் பாக்கெட் வாங்குவோர் நினைவில் வைக்க வேண்டும்.

இனி சுண்ணாம்புச்சத்து. ஒரு முட்டை ஓட்டில் ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் இருக்கிறது. கோழியின் மொத்த எலும்புக்கூட்டிலும் இருப்பதோ 20 கிராம் அளவுதான். 300 முட்டை இடும் கோழி, தன் எலும்பில் உள்ளதைப்போல் 30 மடங்கு கால்சியத்தை ஓடாக வெளியே அனுப்புகிறது. உயிரினங்களில் இப்படியொரு வரவுசெலவு அரிது. இதற்காகவே கோழியின் தொடை எலும்பு, கால் எலும்புகளின் உட்குழியில் கால்சியத்தைச் சேமிக்கும் ஒரு தனி எலும்பு உருவாகிறது. முட்டையிடத் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பு, ஈஸ்ட்ரோஜன் சுரந்ததும் அந்தச் சேமிப்பு தொடங்கும். (மேரி ஸ்வைட்ஸர் என்ற ஆய்வாளர் ஒரு டைரனோசர் தொடை எலும்பிலும் இத்தகைய திசுவைக் கண்டதாக 2005இல் அறிவித்தார். அப்படியானால் அது முட்டையிடும் பருவத்துப் பெண் விலங்கு.)

இந்தச் சேமிப்பு எதற்கு? ஓடு கட்ட ஏறத்தாழ 20 மணி நேரம் பிடிக்கிறது, அதில் பெரும்பகுதி இரவில் நடக்கிறது. இரவில் கோழி தின்னாது. குடலில் கால்சியம் தீர்ந்ததும் எலும்பைக் கரைத்துத்தான் ஓடு கட்ட வேண்டும். இங்கேதான் கிளிஞ்சலின் அருமை. மாவாக அரைத்த சுண்ணாம்புக்கல் சீக்கிரம் கரைந்து போய்விடும். ஷெல் கிரிட் எனப்படும், 2 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கிளிஞ்சல் துண்டுகள் அரைப்பையில் தங்கி, இரவெல்லாம் சிறிது சிறிதாகக் கரையும். எலும்புக்கும் ஓய்வு கிடைக்கும். தனித் தட்டில் கிளிஞ்சல் வைத்துப் பாருங்கள், ஓடு கட்ட வேண்டிய நாளில் மாலை நேரத்தில் கோழி தானே தேடிப்போய்த் தின்னும். முட்டைக்கோழித் தீவனத்தில் 3.5 முதல் 4 சதவீதம், கறிக்கோழித் தாய்களுக்கு 3 சதவீதத்தை ஒட்டி கால்சியம் இருப்பது வழக்கம். முட்டையிடாத இளங்கோழிக்கு இதே அளவைப் பல வாரம் கொடுத்தால் சிறுநீரகம் கெடும். சேவலுக்கும் இவ்வளவு வேண்டியதில்லை, அதற்குத் தீவனத் தட்டு தனியாக இருக்க வேண்டும்.

தாய்க்கோழி முட்டையில் ஓடு வெறும் உறையும் அல்ல. குஞ்சு தன் எலும்புக்கு வேண்டிய கால்சியத்தின் பெரும்பகுதியை அந்த ஓட்டிலிருந்துதான் உறிஞ்சுகிறது. மெல்லிய ஓட்டில் ஈரமும் அதிகமாக வற்றிப்போகும்.

கோடையில் ஓடு மெலிவதைப் பார்த்து மேலும் மேலும் கால்சியத்தைக் கொட்டுவோர் பலர். குறை பெரும்பாலும் கால்சியத்தில் மட்டும் இல்லை. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் அது சூட்டைத் தணிக்கும். அப்போது ரத்தத்திலிருந்து கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறிவிடும். ஓடு என்பது கால்சியம் கார்பனேட். கால்சியம் இருந்தும் கார்பனேட்டுக்கான மூலப்பொருள் குறைந்தால் ஓடு எப்படித் தடிக்கும்? 1985இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வெப்பத்தில் தவித்த லெகார்ன் கோழிகளுக்குச் சோடா நீர் குடிக்கக் கொடுத்தபோது ஓட்டின் தரம் மேம்பட்டது. இன்று பண்ணைகளில் கோடைத் தீவனத்தில் சமையல் சோடா சேர்ப்பதும், குளிர்ந்த விடியற்காலையில் தீவனம் வைப்பதும் இந்த அறிவியலின் வழியில்தான்.

துத்தநாகம், மாங்கனீஸ், செலினியம் மூன்றும் மிகச் சிறிய அளவில் வேண்டுபவை. கார்பனேட்டை உருவாக்க உதவும் நொதியில் இருப்பது துத்தநாகம். மாங்கனீஸ் இல்லையென்றால் குஞ்சின் கால் எலும்பு குட்டையாகி, அலகு கிளிமூக்காக வளையும். செலினியமும் வைட்டமின் ஈயும் சேர்ந்து, குஞ்சு முதல் மூச்சு விடும் நேரத்தில் அதன் திசுக்களை ஆக்சிஜன் சேதத்திலிருந்து காக்கின்றன. அதே செலினியம் மிகுந்தால் நஞ்சு. 1930களில் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில், செலினியம் நிறைந்த மண்ணில் விளைந்த தானியத்தைத் தின்ற கோழிகளின் முட்டைகள் பொரிக்கவில்லை. உள்ளே குஞ்சுகள் உருக்குலைந்து கிடந்தன. ஒன்றுக்கு இரண்டாக ஊற்றினால் நல்லது என்று நினைப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

கறிக்கோழித் தாய்களின் நிலை மனதை வருத்துவது. வேகமாக எடை கூட வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்ததில் அவற்றின் பசிக்கு எல்லையே இல்லாமல் போயிற்று. விட்டால் தின்று கொழுத்து, ஒரே சமயத்தில் பல மஞ்சள் கருக்கள் முதிர்ந்து, முட்டையிடுவதே தாறுமாறாகும். எனவே வளரும் பருவத்தில் அவற்றுக்கு அளந்துதான் தீவனம் வைக்கிறார்கள், அதாவது அவை பசியோடு வளர்கின்றன. இது நாம் உருவாக்கிய துன்பம், எந்தச் சத்துப் பொடியாலும் தீராது. தின்னக் கிடைக்கும் அந்த அளவான கைப்பிடியிலாவது எல்லாச் சத்தும் சரியாக இருக்க வேண்டும் என்பது குறைந்தபட்சக் கடமை.

சந்தையில் டானிக்குகளுக்குப் பஞ்சமில்லை. குறை உள்ள இடத்தில் அவை வேலை செய்யும், குறை இல்லாத இடத்தில் பணம்தான் கரையும். பூஞ்சை பிடித்த மக்காச்சோளமோ புண்ணாக்கோ போட்டால் அஃப்ளாடாக்சின் கல்லீரலைக் கெடுக்கும். மஞ்சள் கருவுக்கான பொருள்கள் உருவாவதே கல்லீரலில் என்பதால், அதன்பின் எந்த டானிக்கும் முழுப்பலன் தராது.

ஆகவே பண்ணையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். புதுப் பாட்டில் வாங்குமுன் தீவன மாதிரியைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்திலேயே அதற்கான ஆய்வகம் இருக்கிறது. பொரியாத முட்டைகளைக் குழியில் கொட்டாமல், சிலவற்றை உடைத்து, குஞ்சு எத்தனையாவது நாளில் இறந்தது, தூவி எப்படி இருந்தது, அலகும் காலும் நேராக இருந்தனவா என்று எழுதி வையுங்கள். அந்தக் குறிப்போடு கால்நடை மருத்துவரிடம் போங்கள்.