கட்டற்ற மென்பொருளும் அதன் இலச்சினையும்

இலச்சினை என்பது உடைமையின் அடையாளம். ஓலையில் பதித்த முத்திரையாயினும், பண்டத்தின்மேல் ஒட்டிய வணிகச் சின்னமாயினும், ‘இஃது இன்னாருடையது, பிறர் போலி செய்தல் ஆகாது’ என்பதையே அஃது உணர்த்துகின்றது. அவ்வாறாயின், யாவரும் எடுத்தாளவும் மாற்றவும் பிறர்க்கு வழங்கவும் உரிமையுடைய ஒரு பொருளுக்கு எத்தகைய இலச்சினை பொருந்தும்? கட்டற்ற மென்பொருள் இயக்கம் எதிர்கொண்ட வினா இதுவே.

சொல்லும் சின்னமும்

1983ஆம் ஆண்டு, அமெரிக்கரான ரிச்சர்டு ஸ்டால்மன் ‘குனு’ என்னும் திட்டத்தை அறிவித்தார். மென்பொருளைப் பயன்படுத்தவும், அதன் மூல நிரலைக் கற்றுத் திருத்தவும், படியெடுத்துப் பகிரவும், திருத்திய வடிவத்தைப் பரப்பவும் பயனர்க்கு உரிமை வேண்டும் என்பது அவர்தம் கொள்கை. ஆங்கிலத்தின் ‘ஃப்ரீ’ என்னும் சொல் விலையின்மையையும் விடுதலையையும் ஒருங்கே குறித்து மயக்கம் தரும். தமிழிலோ ‘இலவசம்’ வேறு, ‘கட்டற்றது’ வேறு. குனுவின் இலச்சினையாக அமைந்தது, அதே பெயருடைய ஆப்பிரிக்க விலங்கின் கொம்புடைத் தலை. எட்டியென் சுவாசா வரைந்த அவ்வோவியம் கொள்கையை விளக்க முற்படவில்லை. பெயரை நினைவிற் பதித்தது.

பென்குயின் பிறந்த வரலாறு

பின்லாந்தில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸ் என்னும் இயங்குதளக் கருவை வெளியிட்டார். 1996இல் அதற்குச் சின்னம் தேடியபொழுது, வயிறார உண்டு நிறைவுடன் அமர்ந்திருக்கும் பென்குயினையே அவர் விரும்பினார். லாரி ஈவிங் என்பார் ‘கிம்ப்’ என்னும் கட்டற்ற ஓவிய மென்பொருளைக் கொண்டே அதனை வரைந்தார். கருமை, வெண்மை, மஞ்சள் ஆகிய சில நிறங்கள், எளிய புறவடிவம். எத்துணைச் சிறிதாக்கினும் அடையாளம் மறைவதில்லை. தம் பெயரையும் கிம்ப்பையும் குறிப்பிடுவோர் அப்படத்தைப் பயன்படுத்தலாம், மாற்றலாம் என அவர் இசைவளித்தார். ஆதலின் அப்பறவை எண்ணற்ற வேடங்கள் பூண்டது. 2009இல் வெளிவந்த ஒரு லினக்ஸ் பதிப்பில், அழிவின் விளிம்பிலுள்ள டாஸ்மேனியன் டெவில் என்னும் விலங்கு, பொய் அலகு கட்டிக்கொண்டு பென்குயினின் இடத்தில் அமர்ந்தது!

முரண்பாடு

எனினும் எல்லாச் சின்னங்களும் இவ்வாறு திறந்துவிடப்படவில்லை. மொசில்லாவின் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் நிரல் கட்டற்றது. ஆயினும் அதன் பெயரும் இலச்சினையும் காக்கப்பட்ட வணிகச் சின்னங்கள். இலச்சினையின் உரிமம் தம் நெறிக்கு ஒவ்வாதெனக் கருதிய டெபியன் திட்டத்தினர் அதனை நீக்கினர். இலச்சினையின்றிப் பெயரை வழங்கலாகாது என்றது மொசில்லா. 2006இல் டெபியனில் அவ்வுலாவி ‘ஐஸ்வீசல்’ எனப் பெயர் மாறியது. 2016இல்தான் பழைய பெயர் மீண்டது.

இருபாலும் நியாயம் உண்டு. தீய நிரலைச் செருகியவரும் அதே சின்னத்தைப் பொறித்துப் பரப்பக்கூடுமாயின், ஏமாறுபவர் எளிய பயனரே. இச்சிக்கல் தமிழ் பயில்வோர்க்குப் புதிதன்று. ஏடுகளைப் படியெடுத்தோரால் நம் நூல்கள் பிழைத்தன. ஆயின், இடைச்செருகல்கள் மூல ஆசிரியர் பெயரிலேயே வழங்கியமையால், எது மூலம் என அறிதல் அரிதாயிற்று. படியெடுக்கும் உரிமை வேறு. பிறர் பெயரில் பேசும் உரிமை வேறு.

டெபியன் 1999இலேயே இதற்கொரு வழி கண்டது. யாவரும் எடுத்தாளச் சுருள் வடிவச் சின்னம் ஒன்று. அத்திட்டத்தின் ஒப்புதல் பெற்றவற்றுக்கு மட்டும் குப்பியுடன் கூடிய சின்னம் பிறிதொன்று.

நிறைவாக

நல்ல இலச்சினைக்கு எளிய வடிவமும், சிறிதாக்கினும் சிதையாத தெளிவும் வேண்டும். கட்டற்ற மென்பொருளின் இலச்சினைக்கு இவற்றோடு, யார் எவ்வாறு பயன்படுத்தலாம் என்னும் தெளிவான உரிமமும் வேண்டும். மென்பொருள் ஆக்க முனையும் மாணவர், சின்னத்தை வரையும் நாளிலேயே அதன் உரிமத்தையும் எழுதிவிடுதல் நன்று.