விலையைப் பார்க்காதீர்கள், ஒலியைக் கேளுங்கள்!



ஒரு காலத்தில் தோட்டத்து லயத்தில் ஒரு வீட்டு ரேடியோ பாடினால் பத்து வீடுகள் கேட்கும். இன்று ஒரே வீட்டில் நான்கு பேர் இருந்தால் நான்கு பேர் காதிலும் நான்கு பாட்டு. மூவார் பக்கம் எந்தப் பாசார் மாலாமுக்குப் போனாலும், காதுக்குள் செருகும் இயர்போன் மலிவு விலையில் சரம் சரமாகத் தொங்குகிறது. பெரிய கடைகளிலோ அதுவே பல நூறு வெள்ளிக்குக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. “மலிவானதை வாங்கினால் ஒலி நன்றாக இருக்குமா? பிள்ளையின் காது கெட்டுப்போகுமா?” என்பது பெற்றோர் பலரின் கேள்வி.

முதலில் விலையைப் பற்றிப் பார்ப்போம். ஜெரோன் பிரீபார்ட் என்ற ஆய்வாளர், 283 ஹெட்போன்களின் ஒலி அளவீடுகளை ஆராய்ந்து 2017-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தாழ்ந்த ஒலி முதல் உயர்ந்த ஒலி வரை ஒரு கருவி எப்படி வெளிப்படுத்துகிறது என்பதற்கும் அதன் விலைக்கும் தொடர்பே இல்லை என்பது அவர் கண்ட முடிவு. கூடுதல் பணம் உறுதியான கம்பிக்கோ, கம்பியில்லா வசதிக்கோ, பெயருக்கோ போகலாம். அது நல்ல ஒலிக்கு உத்தரவாதம் ஆகாது.

கண்ணும் நம்மை ஏமாற்றும். ஒலிபெருக்கிகளைப் பார்த்துக்கொண்டு கேட்கும்போது ஒரு மதிப்பெண்ணும், திரைக்குப் பின்னால் மறைத்து வைத்துக் கேட்கும்போது வேறு மதிப்பெண்ணும் மக்கள் தருகிறார்கள் என்பதை ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்னும் இருவர் 1994-இலேயே காட்டினார்கள். ஆகவே வீட்டில் இரண்டு இயர்போன்கள் இருந்தால், ஒருவர் கண்ணை மூடிக்கொள்ள, மற்றவர் மாற்றி மாற்றிக் கொடுக்கட்டும். இரண்டிலும் சத்தம் ஒரே அளவாக இருக்க வேண்டும். சற்றுச் சத்தமாக ஒலிப்பதுதான் நல்லது என்று காது எளிதில் நம்பிவிடும்.

சோதிக்கும் முறை இதுதான்.

ரப்பர் முனை: பெட்டியில் பெரும்பாலும் மூன்று அளவுகளில் ரப்பர் முனைகள் இருக்கும். காதோடு இடைவெளியின்றிப் பொருந்துவதைத் தேர்ந்தெடுங்கள். சிறிது இடைவெளி இருந்தாலும் தாழ்ந்த ஒலி கசிந்துவிடும். “சத்தம் சப்பென்று இருக்கிறது” என்று சிலர் குறைகூறுவதற்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும்.

இசை: மனப்பாடமாகத் தெரிந்த ஒரு பாட்டைக் கேளுங்கள். மிருதங்கத்தின் தொப்பி ஒலி ‘கும்’ என்று உருண்டையாகக் கேட்க வேண்டும். ஆனால் அது பாடகரின் குரலை மூடக்கூடாது. நாதசுவரம் காதைக் குத்தக்கூடாது. இடம், வலம் பிரிந்து கேட்கிறதா என்று பார்க்க, ஸ்டீரியோ முறையில் பதிவான இளையராஜாவின் ‘பிரியா’ (1978) படப் பாடல்கள் உதவும்.

பேச்சு: இதுதான் ஓர் ஆசிரியனாகிய எனக்கு முக்கியமான சோதனை. 2020-இல் பெருந்தொற்றின்போது நம் பிள்ளைகள் கைத்தொலைபேசி வழியே பாடம் கேட்டார்கள். இன்றும் பல பாடங்கள் அப்படி வருகின்றன. ‘வலி, வளி, வழி’, ‘அரம், அறம்’ என்று வீட்டில் யாராவது சொல்லிப் பதிவு செய்யுங்கள். பிறகு இயர்போனில் கேளுங்கள். ஒவ்வொன்றும் தனித்துக் கேட்டால் அது நல்ல கருவி. ‘டம் டம்’ என்று அதிர்ந்து சொற்களை விழுங்கினால் அது வேண்டாம்.

இதில் காதின் நலமும் அடங்கியிருக்கிறது. சொல் தெளிவாகக் கேட்காதபோது பிள்ளை சத்தத்தைக் கூட்டுகிறது. உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரம் 40 மணி நேரமும், பிள்ளைகளுக்கு 75 டெசிபல் அளவில் அதே 40 மணி நேரமும் எல்லையாக வைத்திருக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் கேட்கக்கூடிய நேரம் பாதியாகிவிடும். பெரியவர்களுக்கு 83 டெசிபலில் 20 மணி, 86-இல் 10 மணி, 89-இல் 5 மணி. கைத்தொலைபேசியின் முழுச் சத்தத்தில் 60 விழுக்காட்டைத் தாண்டாமல் வைப்பது எளிய வழி. உள்காதிலுள்ள மெல்லிய மயிரணுக்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

நம் இளைஞர்கள் பலர் இன்று மூவார் வட்டாரத்து மரத்தளவாட ஆலைகளில் வேலை செய்கிறார்கள். அறுவை இயந்திரத்தின் இரைச்சலை மறைக்கப் பாட்டை உரக்க வைப்பது, ஒரு கேட்டின்மேல் இன்னொரு கேட்டை ஏற்றுவதாகும். புல்வெட்டும் இயந்திரம் சுமப்போருக்கும் இது பொருந்தும். 2019-ஆம் ஆண்டின் மலேசிய இரைச்சல் விதிமுறைப்படி, ஒரு நாள் வேலைக்குச் சராசரி 85 டெசிபல்தான் எல்லை. அதைத் தாண்டும் இடத்தில் முதலாளி காதுக்காப்பு தர வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உரிமை. பாட்டுக் கேட்கும் இயர்போன் காதுக்காப்பு ஆகாது. மோட்டார் சைக்கிள் ஓட்டும்போதும் அது வேண்டாம்.

வாங்குமுன் உங்கள் கைத்தொலைபேசியின் துளைக்கு அது பொருந்துமா என்று பாருங்கள். கடைக்காரர் அனுமதித்தால், துடைத்துவிட்டு ஒரு பாட்டும் ஒரு பேச்சும் கேட்டுப் பாருங்கள். குறைந்த சத்தத்திலேயே சொல் தெளிவாக விழுந்தால், மலிவென்று தயங்காமல் வாங்கிப் பிள்ளைக்குக் கொடுங்கள். மிச்சமாகும் பணத்தில் அவனுக்கு ஒரு நல்ல புத்தகமும் வாங்கலாமே!