நெஞ்சு படபடப்பு: ஈ.சி.ஜி. நார்மல் என்று வந்த பிறகு



மருத்துவ உதவி கேட்டு எங்கள் அறக்கட்டளைக்கு வரும் மனுக்களில் ஒரு வகை அடிக்கடி கண்ணில் படுகிறது. முப்பது வயதுகூட ஆகாத சிப்காட் தொழிலாளி. நைட் ஷிப்ட் முடிந்து வந்து படுத்தால் நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, விரல்கள் மரத்துப்போகின்றன. ஹார்ட் அட்டாக் என்று குடும்பமே ஆட்டோ பிடித்து ஓடுகிறது. ஈ.சி.ஜி. நார்மல். அடுத்த மாதம் மறுபடியும் அதே ஓட்டம். எக்கோ, டிரெட்மில் என்று கடன் வாங்கிச் செலவழித்த பிறகும் "ஒன்றுமில்லை, போங்க" என்ற பதில்தான்.

இதயத்தில் ஒன்றுமில்லை என்பது உண்மை. ஆனால் அந்தப் பிள்ளை நடிக்கவும் இல்லை. ஆபத்து இல்லாத நேரத்தில் உடல் அட்ரினலினைச் சுரந்துவிடுகிறது. சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு மெல்லத் தணிகிறது. மருத்துவர்கள் இதைப் பீதித் தாக்கம் என்பார்கள். முதல் முறை நெஞ்சுவலி வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதுதான் சரி, அதில் தயக்கம் வேண்டாம். சோதனையெல்லாம் சரியாக இருந்தும் திரும்பத் திரும்ப வந்தால், அடுத்து பார்க்க வேண்டியவர் மனநல மருத்துவர்.

கவலை எல்லோருக்கும் உண்டு. வேலை நிரந்தரமாகுமா, மகள் கல்யாணத்துக்கு என்ன செய்வது என்று யோசிக்காத வீடு எது? காரியம் முடிந்ததும் அந்தக் கவலை விலகிவிடும். நோயான பதற்றம் விலகாது. ஒன்று தீர்ந்தால் இன்னொன்றைப் பிடித்துக்கொள்ளும். ஆறு மாதமாகப் பெரும்பாலான நாட்களில் அடக்க முடியாத கவலை இருந்தால் அதை நோய் என்று மருத்துவ நூல்கள் வகுக்கின்றன. அதற்காக ஆறு மாதம் எண்ணிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. இரண்டு வாரமாகத் தூக்கம் கெட்டு, வேலைக்கு லீவு போட்டு, பஸ் ஏறவோ கடைவீதிக்குப் போகவோ பயந்து ஒதுங்கினால், அதுவே போதுமான அறிகுறி. பிள்ளை பெற்ற பெண் காரணமில்லாமல் அஞ்சி அழுவதும், பள்ளி நேரம் வந்ததும் பையனுக்குத் தினமும் வயிறு வலிப்பதும் இதில் சேரலாம். தைராய்டு கோளாறும் ரத்தசோகையும் இதே படபடப்பைத் தரும். மருத்துவர் முதலில் அதைத்தான் சோதிப்பார்.

'உயிரோடு இருந்து என்ன பயன்' என்று ஒருவர் சொன்னால் அவரைத் தனியே விடாதீர்கள். அன்றைக்கே அழைத்துப் போங்கள்.

உளூ செய்துவிட்டு, சரியாகச் செய்தோமா என்று பத்து முறை திரும்பச் செய்பவர்கள் நம் மஹல்லாக்களில் இருக்கிறார்கள். வஸ்வாஸ் என்று சொல்லி விட்டுவிடுகிறோம். ஈமான் குறைவு என்றும் சிலர் பேசுகிறார்கள். எங்கள் பார்வையில் அது அநியாயம். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே அபூ ஸைத் அல்-பல்கீ என்ற அறிஞர் உடல் நலத்தோடு மனநலத்தையும் சேர்த்து ஒரே நூலில் எழுதினார். கோபம், அச்சம், துயரம், வஸ்வாஸ் ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்து, மருந்தும் சொன்னார். நோய்க்கு மருந்து தேடும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னதில் மனதின் நோய்க்கு மட்டும் விலக்கு இல்லை.

துஆவையும் மருந்தையும் எதிரெதிரே நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் பார்த்தோம். தர்காவை நம்பி வந்த நோயாளிகளைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்த ஒரு தனியார் காப்பகம் தீப்பிடித்தது. 28 பேர் இறந்தார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை அடியோடு தடைசெய்கிறது. இன்று ஏர்வாடியில் தர்காவுக்கு வருபவர்களை மனநல மருத்துவர்களும் பார்க்கிறார்கள். நம் ஹஜ்ரத்மார்களும் ஓதிப் பார்த்துவிட்டு, "டாக்டரையும் பாருங்கள்" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னால் பாதி வேலை முடிந்துவிடும்.

எங்களை அதிகம் அஞ்ச வைப்பது மெடிக்கல் ஷாப். தூக்கம் வரவில்லை என்று சீட்டு இல்லாமல் அல்பிரசோலம் போன்ற மாத்திரைகளை வாங்கிப் போடுகிறார்கள். அன்றிரவு தூக்கம் வரும். சில வாரங்களில் பழக்கமாகி, இல்லாமல் இருக்க முடியாது. திடீரென நிறுத்தினாலும் ஆபத்து, வலிப்பு வரலாம். பதற்ற நோய்க்கு மருத்துவர் தொடர்ந்து எழுதித் தரும் மருந்துகள் பெரும்பாலும் வேறு வகை. அவை இப்படி அடிமைப்படுத்துவதில்லை. ஆனால் பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். பத்து நாளில் 'வேலை செய்யவில்லை' என்று நிறுத்திவிடுபவர்கள் இதை அறிந்துகொள்ள வேண்டும். ஆலோசனைச் சிகிச்சை மட்டுமே போதும் என்ற நிலையிலும் பலர் இருக்கிறார்கள்.

செலவை நினைத்துத் தள்ளிப்போட வேண்டாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனையில் இலவசமாகப் பார்க்கலாம். ஈ.எஸ்.ஐ. உள்ளவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் அங்கேயே சிகிச்சை உண்டு. நாடே தேடிவரும் நிம்ஹான்ஸ் நமக்கு நாற்பது கிலோமீட்டர் சுமாரில், பெங்களூரில் ஓசூர் ரோட்டின் மேலேயே இருக்கிறது. வீட்டிலிருந்தே பேச 14416 என்ற டெலி-மானஸ் எண் உண்டு. எந்த நேரமும் இலவசம். தமிழிலும் உருதுவிலும் கன்னடத்திலும் பேசலாம்.

சம்பந்தம் பேசும் நேரத்தில் வெளியே தெரிந்துவிடுமே என்ற அச்சம் எங்களுக்குப் புரிகிறது. நோயாளியின் விவரத்தை ரகசியமாக வைத்திருப்பது மருத்துவரின் சட்டக் கடமை. முதல் முறை போகும்போது பழைய ரிப்போர்ட்டுகளையும், சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துப் போங்கள். தனியே போகத் தயங்குபவர்கள் ஜும்ஆவுக்குப் பிறகு எங்கள் அலுவலகத்தில் சொன்னால் துணைக்கு ஆள் வரும். பெண்களோடு சகோதரிகள் வருவார்கள். பெயரை எந்தப் பதிவேட்டிலும் எழுத மாட்டோம்.