தறி வீட்டுக் கணக்கு

பங்கில் மூன்று ஓலை கூறி முடிவதற்குள் காஞ்சிபுரம் சென்று கூறைப்புடவை எடுத்துத் திரும்புவது நம் குடும்பங்களில் பல தலைமுறைப் பழக்கம். காந்தி சாலையில் இரண்டு மூன்று கடைகள் ஏறி இறங்குகிறோம். விலை பேசுகிறோம். பொழுது மிஞ்சினால் கோபுரங்களை அண்ணாந்து பார்க்கிறோம். பிறகு பேருந்து ஏறிவிடுகிறோம். அச்சேலை நெய்யப்பட்ட வீட்டை நம்மில் பெரும்பாலோர் கண்டதில்லை. கடைத்தெருவிலிருந்து நடக்கும் தொலைவில்தான் பிள்ளையார்பாளையம் இருக்கிறது. கயிலாசநாதர் ஆலயத்தைக் காணச் செல்வோர் அதன் தெருக்களைக் கடந்தே போகின்றனர். ஓரிரு வீட்டு வாயிலில் நின்று கேட்டால் ‘டக் டக்’ என்ற ஓசை வரும். இக்கட்டுரையில் அவ்வோசை வரும் வீட்டையும், அத்தகைய வீடுகளால் ஆன நகரையும் காண விழைகிறோம்.

முதலில் எண்களைப் பார்த்துவிடுவோம். 2021இல் எடுக்கப்பட்டிருக்க வேண்டிய குடிக்கணக்கு தள்ளிப்போனதால், 2011ஆம் ஆண்டுக் கணக்கையே நாம் நம்ப வேண்டியிருக்கிறது. அதன்படி காஞ்சிபுரம் நகராட்சியில் 1,64,384 பேர் வாழ்ந்தனர். குடும்பங்கள் 41,807. அதாவது ஒரு வீட்டுக்கு நான்கு பேருக்கும் குறைவு. கூட்டுக் குடும்பத்தின் தொட்டிலென்று நாம் எண்ணும் நெசவுத் தெருவிலும் காலம் இவ்வாறு மாறியிருக்கிறது. எழுத்தறிவு நூற்றுக்கு ஏறத்தாழ எண்பது. இந்துக்கள் நூற்றுக்குத் தொண்ணூற்று மூவர், இசுலாமியர் ஐவர். கிறிஸ்தவராகிய நாம் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. பின்னர் செவிலிமேடு, ஓரிக்கை, நத்தப்பேட்டை முதலிய சுற்றுப்புறங்கள் இணைந்து நகர் விரிந்தது. 1866இல் நகராட்சியான ஊர் 2021இல் மாநகராட்சியாயிற்று.

ஆண் பெண் கணக்கில் மட்டும் சற்றே நிற்க வேண்டும். ஆயிரம் ஆண்களுக்கு 1,005 பெண்கள் என்று அக்கணக்கு காட்டுகிறது. நாட்டின் சராசரியைவிட இது உயர்வானதே. ஆனால் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை மட்டும் எண்ணினால் ஆண் குழந்தைகள் 8,158, பெண் குழந்தைகள் 7,797. ஆயிரத்துக்கு 956 தான். பாட்டிமாரால் உயர்ந்த கணக்கு பேத்திகளிடம் இறங்குகிறது. ஏன் என்று ஒவ்வொரு குடும்பமும் தன்னையே கேட்டுக்கொள்ளட்டும். நாம் மேலே செல்வோம்.

தொழில் செய்வோர் 61,567 பேர். நூறு பேருக்கு முப்பத்தேழு, முப்பத்தெட்டுப் பேர். அவர்களுள் ‘வீட்டுத் தொழில்’ என்ற பத்தியில் ஆண்டின் பெரும்பகுதி உழைப்போராகக் குறிக்கப்பட்டவர்கள் 8,865 பேர் மட்டுமே. ‘பிற தொழில்’ என்ற பத்தியில் 50,423 பேர். பட்டுக்கென்றே பெயர் பெற்ற ஊரில் வீட்டுத் தொழிலார் இவ்வளவுதானா என்று வியக்கத் தோன்றும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. நகரங்களில் சொந்த வீட்டு எல்லைக்குள், பெரும்பாலும் குடும்பத்தாரே சேர்ந்து செய்யும் தொழிலைத்தான் குடிக்கணக்கு ‘வீட்டுத் தொழில்’ என்று ஏற்கிறது. முதலாளியின் தறிக்கூடத்துக்குச் சென்று கூலிக்கு நெய்பவர் ‘பிற தொழில்’ பத்திக்குப் போய்விடுகிறார். ஆகவே 8,865 என்பது நெசவாளர் தொகை அன்று. தன் வீட்டிலேயே தறி வைத்திருப்போரின் நிழலை மட்டும் காட்டும் எண் அது. அந்நிழலும் முழுமையானதா என்பதே நம் கேள்வி.

குழியும் கூடமும்

நெசவாளர் வீடு முகப்பில் குறுகி, உள்ளே நீண்டு செல்லும். திண்ணை, அதை அடுத்துத் தறி நிற்கும் கூடம், பின்னே சமையற்கட்டு, கொல்லை. தெருப்பக்கத்து ஒளி தறியின்மேல் விழவேண்டும் என்பதற்காகவே கூடம் முன்னே அமைந்தது. கூடத்தின் தரையில் ஒரு குழி. நெசவாளர் அக்குழிக்குள் காலை விட்டு மிதிகளை மிதிப்பார். தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டி. பிள்ளைகள் படிப்பதும் விருந்தினர் அமர்வதும் நோயாளி படுப்பதும் தறி விட்டுவைத்த இடத்தில்தான். தறிக்காக எழுந்த வீட்டில் மனிதர் ஒதுங்கி வாழ்கின்றனர் என்று சொன்னால் மிகையாகாது.

தெருவும் வீட்டின் பகுதியே. ஒரு பாவில் பெரும்பாலும் மூன்று சேலை. அத்தனை நீளமுள்ள பாவை எந்தக் கூடத்தில் விரிப்பது? ஆகவே விடியற்காலையில் தெருவில் விரித்துக் கட்டி, கஞ்சி ஏற்றி, இழை ஒட்டாமல் பிரித்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிடுவர். இரு சக்கர வண்டிகளும் கார்களும் பெருகிய இந்நாளில் அதற்கு இடமும் பொழுதும் சுருங்கிவிட்டன. மழைக்காலத்திலோ பாவு விரிக்க வழியில்லை. தாழ்ந்த வீடுகளில் குழியிலும் நீர் ஊறும். ஐப்பசி, கார்த்திகையில் தறி நின்றால் அடுப்பும் தயங்கும். சேலைக்கு இவ்வளவு என்பதே கூலியின் முறை. நின்ற நாளுக்குக் கூலி இல்லை.

ஈரமும் நெருக்கமும் சேர்ந்த நகரில் நோய் குடியேறுவது இயல்பு. யானைக்கால் நோய் கடுமையாகப் பரவிய நகரென்று காஞ்சிபுரம் ஒரு காலத்தில் பெயரெடுத்திருந்தது. 1970களின் நடுவில் பாதாளச் சாக்கடை வந்த பிறகே நிலைமை திருந்தத் தொடங்கிற்று. பொழுதெல்லாம் குழிக்குள் காலை வைத்திருப்பவருக்குக் கொசு எத்தகைய பகை என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

வேகவதி ஆற்றங்கரையில் குடிசையிட்டிருந்த குடும்பங்களுக்காகக் கீழ்க்கதிர்ப்பூரில் 2,112 அடுக்குமாடி வீடுகளை அரசு கட்டியது. வெள்ளத்துக்கு அஞ்சி உறங்கியோருக்கு உறுதியான கூரை கிடைப்பது நன்மையே. ஆற்றோரத்தில் இருந்தவர் அனைவரும் நெசவாளர் அல்லர். ஆயினும் இவ்வகை வீடுகளைக் காணும்போது ஓர் ஐயம் எழுகிறது. மூன்றாம் மாடியில் குழி தோண்ட முடியுமா? வீடு வேறு, வேலையிடம் வேறு என்று எண்ணுகிறவர் வரைந்த வீடு அது. தறியோடு கூடிய வீடு என்ற எண்ணத்தில் நெசவாளர்க்கெனத் தனித் திட்டங்கள் வந்ததும் உண்டு. கைத்தறிக்கு இரு மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 2023இல் 300 ஆக உயர்ந்தது. இருண்ட கூடத்தில் இது சிறிய உதவி அன்று.

கரைக்கு ஒரு கை

காஞ்சிப் பட்டின் சிறப்பே கோர்வையில்தான். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் நெய்யும்போதே ஒன்றோடொன்று கோத்துக்கொள்ள வேண்டும். அதற்கு மூன்று நாடா. உடலுக்கு ஒன்று, இரு கரைக்கும் ஒவ்வொன்று. தறியில் அமர்ந்திருப்பவருக்கு இருப்பது இரண்டே கைகள். ஆகவே பக்கத்தில் இன்னொருவர் அமர்ந்து ஒரு கரையின் நாடாவைத் தள்ளித் தரவேண்டும்.

அந்த இன்னொருவர் யார்? நெடுங்காலம் அது ஒரு சிறுவன் அல்லது சிறுமி. சொந்தப் பிள்ளை இல்லையேல் அயல் வீட்டுப் பிள்ளை. முன்பணம் என்ற பெயரில் பெற்றோர் வாங்கிய கடனுக்கு ஈடாகப் பிள்ளை தறியோரம் அமர்ந்தது. கடன் தீரும்வரை எழ முடியாது. கூலியோ கடனைத் தீர்க்கும் அளவில் இராது. கொத்தடிமை முறையை ஒழித்த சட்டம் 1976இல் வந்தது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இல் வந்து நெசவையும் தடைப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் குடும்பத்தாரின் உதவியோடு நடக்கும் தொழிலிடத்துக்கு அது விலக்கு அளித்தது. வீடே தொழிலிடமான ஊரில் அந்த வாசல் எவ்வளவு அகலமானது என்று நினைத்துப் பாருங்கள்! 2003இல்கூட, இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைப்பட்ட பிள்ளைகளைப் பற்றி மனித உரிமைக் கண்காணிப்பு அமைப்பு வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரம் இடம்பெற்றது. அதிகாரிகளும் தொண்டர்களும் ஆசிரியர்களும் ஆண்டுக்கணக்கில் தெருத்தெருவாக நடந்ததன் பயனாகப் பிள்ளைகள் பெரும்பாலும் தறியை விட்டு எழுந்து பள்ளிக்குச் சென்றனர். நகரின் வரலாற்றில் எந்தக் கோபுரத்துக்கும் குறையாத சாதனையாகவே இதை நாம் கருதுகிறோம்.

பிள்ளை எழுந்த இடத்தில் இன்று தாய் அமர்ந்திருக்கிறார். ஏற்கனவே அவருக்கு வேலை குறைவில்லை. பட்டு இழையை ராட்டையில் சுற்ற வேண்டும். தார் சுற்ற வேண்டும். பழைய பாவின் ஒவ்வோர் இழையோடும் புதிய பாவின் இழையை முறுக்கிப் பிணைக்க உதவ வேண்டும். இடையிடையே உலை வைக்க வேண்டும், குழந்தையைக் குளிப்பாட்ட வேண்டும். இவற்றோடு மூன்றாவது நாடாவும். சேலைக்குரிய கூலி கணவர் பெயரில் வருகிறது. அதில் இரண்டாமவர் பங்கு இவ்வளவு என்று எவரும் பிரித்து எழுதுவதில்லை. இவ்விரண்டாம் ஆள் கிடைக்காத வீடுகளில் கோர்வை மெல்ல மறைகிறது. தனியொருவர் நெய்யக்கூடிய எளிய கரை வந்துவிட்டது. கடையில் நமக்கு இரண்டும் காஞ்சிப் பட்டுத்தான்.

கடலுக்கு அப்பால் ஒரு பட்டு நகர்

பட்டால் வாழ்ந்த நகர் உலகில் இஃதொன்றே அன்று. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் பேட்டர்சன் என்றொரு நகர் உண்டு. அதற்குப் ‘பட்டு நகர்’ என்றே பெயர். 2020ஆம் ஆண்டுக் கணக்கில் அங்கு 1,59,732 பேர். காஞ்சிபுரத்துக்கு உடன்பிறப்பு என்னலாம். பசாயிக் ஆற்றின் அருவி தந்த விசையால் ஆலைகள் எழுந்தன. நெசவாளர் ஒருவர் இரண்டு தறிக்குப் பதில் நான்கைப் பார்க்க வேண்டும் என்ற ஏற்பாட்டை எதிர்த்தும், எட்டு மணி நேர வேலை கேட்டும், 1913இல் ஏறத்தாழ 300 ஆலைகளின் தொழிலாளர் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தனர். வெல்லவில்லை. ஆலை முதலாளிகளுக்கு வேறிடம் இருந்தது. பென்சில்வேனியாவின் நிலக்கரி ஊர்களில் சுரங்கத் தொழிலாளர் வீட்டுப் பெண்கள் குறைந்த கூலிக்குக் கிடைத்தனர். பிறகு செயற்கை இழை வந்தது. பட்டு அந்நகரை விட்டே போயிற்று.

இன்று அங்கே வாழ்வோருள் பத்தில் ஆறு பேர் இலத்தீன் அமெரிக்க வழியினர். வங்காளதேசத்தவரும் அரபியரும் திரளாக இருக்கின்றனர். பெரும்பாலோர் வாடகை வீட்டார். ஆலை மூடிய பிறகும் வீடு நின்றது, புதியவர் குடியேறினர். அங்கே ஆலையும் வீடும் வேறு வேறாயிருந்ததால் இது இயன்றது. காஞ்சியில் தறி போனால் வீட்டின் கூடமே பொருளிழக்கும். குழியை மூடிச் சிமெண்டு பூசிக் கூடத்தை வாடகைக்கு விடும் வீடுகள் இப்போதே உண்டு.

பேருந்துக்கு நிற்கும் பிள்ளைகள்

காலையில் நெடுஞ்சாலைப் பக்கம் சென்றால் தொழிற்சாலைப் பேருந்துகளுக்கு இளைஞர் காத்திருக்கக் காணலாம். இருங்காட்டுக்கோட்டையில் 1990களின் இறுதியில் கார் ஆலை வந்தது. அதைத் தொடர்ந்து திருப்பெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம் எங்கும் ஆலைகள் பெருகின. மாதச் சம்பளம், வருங்கால வைப்புநிதி, சீருடை. மழை பெய்தாலும் சம்பளம் நிற்பதில்லை. தறியில் அமரச் சொல்லித் தந்தையே வற்புறுத்துவதில்லை. ‘என்னோடு போகட்டும்’ என்பதே பல நெசவாளரின் சொல்.

அவ்வழியும் மெத்தை விரித்த வழி அன்று. திருப்பெரும்புதூரில் 2006இல் தொடங்கிய நோக்கியா கைப்பேசி ஆலை 2014இல் மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் ஒரே நாளில் வேலையற்றோராயினர். சுங்குவார்சத்திரத்துச் சாம்சங் ஆலைத் தொழிலாளர், சங்கத்துக்கு ஏற்பு கேட்டு 2024இல் ஒரு மாதத்துக்கும் மேல் வேலைநிறுத்தம் செய்தனர். ஆயினும் எத்தனை மணி நேரம் உழைத்தோம் என்று எண்ணிச் சொல்லவும், அதற்காக வழக்காடவும் அவர்களால் முடிகிறது. மூன்றாவது நாடாவைத் தள்ளும் பெண்ணுக்கு அந்த எண்ணிக்கையே இல்லை.

கைத்தறியைக் காக்க வழி செய்யப்படவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. சேலையின் குறிப்பிட்ட வகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கிய சட்டம் 1985இல் வந்தது. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு 2005-06இல் கிடைத்தது. காமாட்சியம்மன், முருகன், அறிஞர் அண்ணா, திருவள்ளுவர் ஆகிய பெயர்களில் கூட்டுறவுச் சங்கங்கள் நிற்கின்றன. நல்ல சரிகைக்காக அரசே 1971இல் ஒரு நிறுவனம் அமைத்தது. இவையெல்லாம் சேலையைக் காக்கும் ஏற்பாடுகள். தங்கமும் வெள்ளியும் விலை ஏறும்போது சேலையின் விலையும் ஏறுகிறது. அந்த ஏற்றத்தில் சரிகைக்குப் போவது எவ்வளவு, கைக்குப் போவது எவ்வளவு என்று வாங்குகிற நாமும் ஒருமுறை கடையில் கேட்டுப் பார்க்கலாம்.

அடுத்த குடிக்கணக்குக்கு 2027 மார்ச்சு முதல் நாள் குறிப்பு நாளாக அறிவிக்கப்பட்டுள்ளது. கூலி பெறாமல் குடும்பத் தொழிலில் உதவுவதும் ‘வேலை’யே என்பது 2011ஆம் ஆண்டுக் கணக்கின் விதி. ஆண்டில் ஆறு மாதமோ அதற்கு மேலோ அவ்வாறு உழைப்பவர் முழுநிலைத் தொழிலாளராகவே எழுதப்பட வேண்டியவர். விதி தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் கணக்கெடுப்பவர் வாயிலில் நின்று, ‘நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?’ என்று கேட்டால், கையில் தாரோடு எழுந்து வரும் அம்மையார், ‘வீட்டில் சும்மாதான் இருக்கிறேன்’ என்பார். எழுதுகிறவரும் அப்படியே எழுதிவிடுவார். கணக்கெடுப்புப் பணிக்குப் பள்ளி ஆசிரியர்களைத்தான் பெரும்பாலும் அனுப்புவார்கள். நம் வாசகக் குடும்பங்களிலும் ஆசிரியர் பலர் உண்டு. நெசவுத் தெருவில் பணி வாய்க்கும் ஆசிரியர், அந்தப் பத்தியில் கோடிடுமுன் ‘இந்த வீட்டில் தார் சுற்றுவது யார்?’ என்று இன்னொரு கேள்வியும் கேட்பாராக.