மொராண்டியின் பாட்டில்கள்

பாட்டில், கூஜா, எண்ணெய் விளக்கு, தகர டப்பா. இத்தாலிய ஓவியர் ஜார்ஜோ மொராண்டி (1890–1964) வாழ்நாளில் பெரும்பகுதி வரைந்தது இவற்றைத்தான். ஐரோப்பிய மரபில் இத்தகைய ‘ஸ்டில் லைஃப்’ படங்களுக்குப் பெரிய மரியாதை இருந்ததில்லை. 1667-ல் பிரெஞ்சு அறிஞர் ஆந்த்ரே ஃபெலிபியன் ஓவிய வகைகளைத் தரம் பிரித்தபோது, உயிரற்ற பொருள்களுக்குக் கடைசிப் படிதான் கிடைத்தது. அடுத்த நூற்றாண்டில் செம்புப் பாத்திரத்தையும் தண்ணீர் டம்ளரையும் வரைந்து அந்தக் கணக்கைக் குலைத்தவர் பிரெஞ்சு ஓவியர் ஷார்தன். மொராண்டி அவரைப் பெரிதும் மதித்தார்.

போலோன்யா நகரின் ஃபோன்தாட்சா தெருவில், மூன்று சகோதரிகளோடு வாழ்ந்த வீட்டில் படுக்கையறைதான் அவருடைய வேலைக்கூடம். பாட்டில்களின் லேபிளை உரித்துவிடுவார்; சிலவற்றுக்குப் பெயின்ட் பூசிவிடுவார். மேலே படியும் தூசியைத் துடைப்பதில்லை. பளபளப்பு போய், இன்ன சரக்கு இருந்த பாட்டில் என்ற அடையாளமும் போனபின், உயரமும் பருமனும் நிழலும் மட்டுமே மிஞ்சும். பொருள்களை எங்கெங்கே வைப்பது என்பதற்கே நெடுநேரம் செலவிடுவார். வைத்த இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்வார்.

1930 முதல் 1956 வரை அவர் போலோன்யா கலைக்கழகத்தில் கற்பித்தது எட்சிங். மெழுகு பூசிய தகட்டில் ஊசியால் கீறி, அமிலத்தில் இட்டு, கீறல்களில் மை நிரப்பி அச்செடுக்கும் கலை அது. இதில் வண்ணமும் இல்லை, தூரிகையும் இல்லை. குறுக்கும் நெடுக்குமாக நெருங்கி ஓடும் மெல்லிய கோடுகளால்தான் இருளும் ஒளியும் பிறக்கவேண்டும். கோடுகள் அடர்ந்த பின்புலத்தின் நடுவே நிற்கும் வெள்ளை பாட்டிலை உற்றுப் பார்த்தால், அது பெரும்பாலும் ஊசி படாத வெறும் காகிதம். சுற்றியுள்ள இருட்டுதான் அதற்கு வடிவம் தருகிறது. 1953-ல் பிரேசிலின் சாவோ பாவ்லோ பியனால் கலைக் கண்காட்சியில் எட்சிங்குக்கும், 1957-ல் அங்கேயே ஓவியத்துக்கும் அவருக்குப் பரிசு கிடைத்தது.

கடைசிக் காலப் பென்சில் படங்களில் கோடுகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. அருகருகே நிற்கும் இரண்டு பாட்டில்களுக்குப் பல இடங்களில் ஒரே கோடுதான் எல்லை. எது பொருள், எது இடைவெளி என்று கண் தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தில்தான் அந்தப் படங்களின் அழகு.

அவர் வாழ்ந்த வீடு இன்று காட்சியகம். அங்கே பாட்டில்களைத் தேடிப் போகிறவர்களுக்குச் சற்று ஏமாற்றம் காத்திருக்கலாம்: பழைய சாமான் கடையில் யாரும் திரும்பிப் பார்க்காத சரக்குதான்.